மருந்து இல்லன்னா பத்தியமாவது

"…இத்தன வேணாம்னு சொன்னீங்க, சரி, ஒத்துக்கறேன். கருவாட்ட மட்டும் ஏன் வுட்டுட்டீங்க, டாக்டரம்மா?"

என் அப்பா இப்படிக் கேட்டதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மாவுக்கு அது சாதாரணக் கேள்வி. எங்கள் இரண்டு பேருக்கும் அப்படி இல்லை. இதற்கு வரும் பதிலை வைத்துத்தான் அப்பா பக்கத்து அறைக்குப் போய் ஊசி மருந்து ஏற்றிக்கொள்வாரா, இல்லை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறிவிடுவாரா என்பது தெரியும். "அதெல்லாம் தாராளமா சாப்பிடுங்க" என்று அந்தம்மா சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு.

தாராளமாகச் சாப்பிடு என்றால் ஏன் எல்லாம் போக வேண்டும் என்று கேட்பீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அப்பா கரும்பு வெட்டுகிறவர். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்கு எங்கள் பக்கத்திலிருந்து போகிற கரும்பில் முக்கால்வாசி தன் கத்தி பட்டுத்தான் போகிறது என்று சொல்லிக்கொள்வார். வயலில் மத்தியான நேரத்துக் களியும் சுட்ட கருவாடும்தான் அவருக்குச் சாப்பாடு. மற்றதெல்லாம் வயிற்றை ஏமாற்றுகிற வேலை என்பார். நான் தியாகதுருகத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். எட்டாவதோடு நின்றவள். அளவு எழுதுகிற நோட்டின் பின்பக்கத்தில், கடைக்கு வருகிறவர்கள் சொல்கிற நல்ல நல்ல பேச்சையெல்லாம் எழுதி வைப்பேன். அதில் பாதி என் அப்பா பேசியது.

அவருக்கு ரத்தம் போக ஆரம்பித்து எட்டு மாதம் வரை யாரிடமும் சொல்லவில்லை. மூலம் என்று அவரே முடிவு செய்துகொண்டார். மூலம் எங்கள் பக்கத்தில் டாக்டரிடம் காட்டுகிற நோய் இல்லை. பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கிற நோட்டீஸை, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்துப் படித்துவிட்டு வந்து வைத்தியம் செய்துகொள்கிற நோய். துத்தி இலையை விளக்கெண்ணெயில் வதக்கித் தின்றார். அம்மாவிடம் தினமும் கருணைக்கிழங்கு கேட்டார். கருணைக்கிழங்கின் மேல் திடீரென்று எதற்கு இவ்வளவு பாசம் என்று அவளும் கேட்கவில்லை. எட்டு மாதம் கிழங்கு தின்று, சட்டை இரண்டு சுற்று பெரிதாகிப் போனது. சட்டையைப் பிடித்துத் தைக்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார். நான் நாடாவைப் போட்டு இடுப்பை அளந்தேன். பழைய அளவு என் நோட்டில் இருந்தது. இரண்டையும் பார்த்துவிட்டு, தைக்க மாட்டேன், முதலில் ஆஸ்பத்திரி என்றேன்.

கள்ளக்குறிச்சியில் பார்த்தவர்கள் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்கள். அங்கே கேமரா விட்டுப் பார்த்தார்கள். வெளியே வந்த அப்பா பெஞ்சில் ஒருக்களித்து உட்கார்ந்து, "அத வாய் வழியா வுட்டிருந்தா நானும் ஒரு மனுசன்னு நிமிந்து நடப்பேன்" என்றார். நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துச் சொன்னார். பெருங்குடலில் புற்று. கல்லீரலுக்கும் பரவிவிட்டது. வெட்டி எடுத்து முழுசாகக் குணமாக்குகிற கட்டத்தைத் தாண்டியிருக்கிறது. ஆனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஊசி மருந்து ஏற்றினால் கட்டி சுருங்கும், வலி குறையும், நாள் கிடைக்கும். எவ்வளவு நாள் என்று இப்போது சொல்ல முடியாது, ஆனால் சீக்கிரம் தொடங்கினால் நல்லது.

அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு அந்த அறையின் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு, ஆலைக்காரர் வெட்டுத் தேதி சொல்லும்போது கேட்பாரே, அதே மாதிரி முழுக்கக் கேட்டார். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சாப்பாடு இன்னா சாப்புடலாங்க?"

"ரொம்ப எளைச்சிட்டீங்க ஐயா. உங்களுக்குப் பிடிச்சதெல்லாம் சாப்பிடுங்க" என்ற டாக்டரம்மா எங்கள் பக்கம் திரும்பி, "அவர் என்ன கேட்டாலும் செஞ்சு குடுங்க" என்றார்.

நல்ல மனதோடு சொன்ன வார்த்தை. அப்பா அதைக் கேட்டதும் எழுந்துவிட்டார். அடுத்து எப்போது வர வேண்டும், என்னென்ன கவனிக்க வேண்டும் என்று அந்தம்மா சொல்லத் தொடங்கும்போது அவர் செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே நின்றார். ஃபைலில் அடுத்த தேதியை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு நாங்களும் பின்னாலேயே ஓடினோம்.

பஸ்ஸில்தான் வாயைத் திறந்தார். "கைய விரிச்சிட்டாங்கமா."

"யாருப்பா விரிச்சது? ஊசி போடலாம்னுதான சொன்னாங்க?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றாங்க. எங்க அண்ணனுக்கு இன்னா சொன்னாங்க? கேட்டத வாங்கிக் குடுங்கன்னாங்க. பிரியாணி கேட்டான். அடுத்த வாரம் தூக்கினோம். கீழத்தெரு சம்பந்திக்கு இன்னா சொன்னாங்க? அதேதான். அவரு பால்கோவா கேட்டாரு. பாதி கோவா அப்படியே இருந்திச்சி. பொழைக்கிறவனுக்கு டாக்டரு சொல்றது வேற. உப்பு வேணாம்பாங்க, புளி வேணாம்பாங்க, எண்ண வேணாம்பாங்க. வேணாம்னு ஒண்ணு சொன்னாத்தான் வைத்தியம். எல்லாம் சாப்புடுன்னா, பந்தலுக்குச் சொல்லிடுன்னு அர்த்தம்."

நான் என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். ஆனால் நியாயமாகச் சொன்னால், எனக்கும் அந்தப் பயம் இருந்தது. பெரியப்பாவின் பிரியாணியை வாங்கி வந்தவளே நான்தான்.

இதில் அம்மா செய்தது எரிகிற அடுப்பில் எண்ணெயை ஊற்றிய வேலை. டாக்டர் சொன்னதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள். என் அம்மா என் அப்பாவை "யோவ்" என்றுதான் கூப்பிடுவாள். கோபம் வந்தாலும் யோவ், சந்தோஷம் வந்தாலும் யோவ். அன்று சாயங்காலம் அடுப்பங்கரையிலிருந்து வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னாங்க, இன்னா சமைக்கட்டுங்க?" என்று கேட்டாள்.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. அம்மா உள்ளே போனதும் என்னைக் கிட்டே கூப்பிட்டு, "ங்க போட்டுப் பேசறா பாத்தியா?" என்றார். "நாப்பது வருசத்துல இன்னா வேணும்னு ஒரு நாள் கேட்டவ இல்ல. வச்சத தின்னுன்னுதான் சொல்லுவா. எனக்கு நாள் குறிச்சிட்டாங்கமா."

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் திருவிழா மாதிரி சமையல். நாட்டுக்கோழி வந்தது. இறால் வந்தது. என் வீட்டுக்காரர் அல்வா வாங்கி வந்து, "மாமா, உங்களுக்குப் பிடிக்குமேன்னு" என்று நீட்டினார். அப்பா அந்தப் பொட்டலத்தைப் பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஒவ்வொரு தட்டு வரும்போதும் மனுஷர் ஒரு சுற்று இளைத்தார். கடைசியில் தானே எழுந்து போய் முந்தின நாள் கஞ்சியை ஊற்றிக் குடித்துவிட்டு வந்து படுத்தார்.

கூட வெட்டுகிற ஆள் ஒருத்தர் பார்க்க வந்தார். வந்தவர் ரொட்டியையும் சாத்துக்குடியையும் வைத்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு, "கரும்புல செவ்வழுகல் வந்தா தூரோட தோண்டிப் போட்டுடறோம். ஒனக்கு அப்படித் தோண்ட முடியாதாமே" என்றார்.

"தோண்டிட்டா அப்புறம் நான் எங்கடா நிக்கறது?" என்றார் அப்பா.

இரண்டு பேரும் இருமல் வருகிற வரை சிரித்தார்கள். அந்த ஆள் போகும்போதுதான் கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு வைத்தியரைப் பற்றிச் சொன்னார். ரொம்பக் கறாரான ஆளாம். "பத்தியத்துல ஒரு இம்மி தப்பினாலும் மருந்து குடுக்க மாட்டாரு. எங்க மச்சான டீ குடிச்சதுக்குத் திருப்பி அனுப்பிட்டாரு."

அப்பா பாயிலிருந்து எழுந்து உட்கார்ந்தார். "அப்படிப்பட்ட ஆள்தான் வேணும்."

ஆஸ்பத்திரியில் அடுத்து வரச் சொன்ன நாளுக்கு ஆறு நாள் இருந்தது. ஊசிக்கு வர மாட்டேன், மலைக்குத்தான் போவேன் என்று அப்பா பிடிவாதமாக நின்றார். சரி, மலைக்குக் கூட்டிப்போய்விட்டு வந்தால் ஊசிக்கு ஒத்துக்கொள்வார் என்று கணக்குப் போட்டு, ஆஸ்பத்திரி ஃபைலையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு நான் கிளம்பினேன்.

கள்ளக்குறிச்சியில் மலை பஸ் பிடித்தோம். கச்சிராயபாளையம் தாண்டி வளைவு ஏற ஏற, அப்பா பக்கத்து சீட்டுக்காரரிடம், "பத்தியத்துக்குப் போய்க்கினு இருக்கேன்" என்று பெண் பார்க்கப் போகிற மாதிரி சொல்லிக்கொண்டு வந்தார்.

வைத்தியருக்கு என் வயதுதான் இருக்கும். தகரக் கூரை வீடு. வாசலில் பைக் நின்றது. அவரும் அவர் மனைவியும் முற்றத்தில் ஒரு ஆள் உயரத்துக்குக் குவித்திருந்த புளிக்கு நடுவில் உட்கார்ந்து கொட்டை தட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பா நோயின் பெயரைச் சொல்லவில்லை. "வயித்துல புண்ணுங்க" என்றார், அவ்வளவுதான்.

வைத்தியர் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். "புளி ஆகாது."

புளிக் குவியலுக்கு நடுவிலிருந்துதான் சொன்னார். அப்பா அதையெல்லாம் கவனிக்கவில்லை. முகம் மலர்ந்துவிட்டது. "சரிங்க."

"கத்திரிக்கா ஆகாது. மாங்கா ஆகாது. கோழி ஆகாது."

"வேணவே வேணாங்க."

"டீ, காப்பி ஆகாது. பரங்கிக்கா ஆகாது."

"பரங்கிக்காவுமா?" அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தாயா, இதுதான் வைத்தியம் என்று அந்தப் பார்வையில் இருந்தது. பத்து நாளாக அப்படி ஒரு தெம்பை அவர் முகத்தில் நான் பார்க்கவில்லை.

"கருவாடுன்னு மூச்சுக்கூட விடக் கூடாது."

அப்பா "…சரிங்க" என்றார், கொஞ்சம் தாமதமாக.

எனக்கு மனசு கேட்கவில்லை. பையிலிருந்து ஃபைலை எடுத்து வைத்தியர் முன்னால் வைத்தேன். அப்பா என்னை முறைத்தார். வைத்தியர் கையைத் துடைத்துக்கொண்டு தாள்களைப் புரட்டினார். ஒரு இடத்தில் விரலை வைத்து, "இது கேன்சருங்களா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். ஃபைலை மூடி, இரண்டு கையாலும் அப்பாவிடம் நீட்டினார்.

"பெரியவரே, நான் பித்தத்துக்கும் மூட்டு வலிக்கும் குடுக்கறவன். இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல. இருக்குதுன்னு சொன்னா அது பாவம்."

அப்பா ஃபைலை வாங்கவில்லை. "மருந்து இல்லன்னா போவுதுங்க. பத்தியத்தையாவது குடுங்க" என்றார்.

"மருந்தே இல்லாம பத்தியம் எப்படிங்க குடுக்கறது?"

"இப்ப சொன்னீங்களே, அதயே வச்சிக்கறேன்."

கொட்டை தட்டிக்கொண்டிருந்த வைத்தியரின் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள். வைத்தியர் சிரிக்கவில்லை. "ஊசி போடற எடத்துலயும் பத்தியம் இருக்கும் பெரியவரே. நீங்க கேட்டிருக்க மாட்டீங்க. இன்னா சாப்புடலாம்னுதான் கேட்டிருப்பீங்க. இன்னா சாப்புடக் கூடாதுன்னு கேட்டுப் பாருங்க" என்றார்.

மலை இறங்கும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் ஓரம் உட்கார்ந்துகொண்டார். மலை முடிந்து சமவெளி வந்ததும் ஒரு வயலைக் காட்டினார். கரும்பு பூ எடுத்து, காய்ந்து சாய்ந்து கிடந்தது.

"ஆலையிலேருந்து வெட்டு உத்தரவு வராத கரும்பு அது. ஆடு பூந்தாலும் கேக்க மாட்டான். மாடு பூந்தாலும் கேக்க மாட்டான். மேஞ்சிட்டுப் போவட்டும்பான். வெட்டப் போற கரும்புன்னா ஒரு சோகை எலைய ஒடிக்க வுடுவானா?"

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் விட்டுவைத்தார்.

"சரி, கேட்டுப் பாக்கலாம்" என்றார் இறங்கும்போது. "வேணாம்னு அவங்க ஒழுங்கா நாலு சொன்னா உக்காருவேன். இல்லன்னா அப்படியே திரும்பிடறது. அப்புறம் நீ அழக் கூடாது."

அடுத்த ஐந்து நாளும் எனக்கு இதே யோசனைதான். எதையாவது வேண்டாம் என்று சொல்லச் சொல்லி டாக்டரம்மாவை முன்கூட்டியே எப்படிக் கேட்பது? அப்பா எதிரில் கேட்க முடியாது. கடைசியில் நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, "எங்க அப்பாவுக்கு எதையாவது வேணாம்னு சொல்லுங்கம்மா, அப்பத்தான் ஊசி போட்டுக்குவாரு" என்று எழுதி மடித்து வைத்துக்கொண்டேன்.

நாங்கள் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறினதிலிருந்தே கருவாட்டு வாடை. முன் சீட்டில் கூடையோடு ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அவரை நான் இரண்டு மூன்று தடவை முறைத்துப் பார்த்தேன். அந்தம்மாவும் திரும்பி என்னை முறைத்தார். அப்பா மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

உள்ளே கூப்பிட்டதும், ஃபைலுக்கு மேலே சீட்டை வைத்து டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். அவர் பிரித்துப் படித்தார். புருவம் சுருங்கியது.

"தோள் பதினாலு, கை எட்டரை, முதுகு எறக்கம் ஜாஸ்தி வேணும்… இது யாரோட ரிப்போர்ட்?"

என் உயிரே போய்விட்டது. அது ஒரு கல்யாணப் பெண்ணின் ஜாக்கெட் அளவு. நான் எழுதிய சீட்டு கடையில் அந்தப் பெண்ணின் பட்டுத் துணியில் குத்தியிருந்ததை மறுநாள்தான் பார்த்தேன்.

"இன்னாமா குடுத்த?" என்றார் அப்பா.

"ஒண்ணும் இல்லப்பா" என்று சீட்டைப் பிடுங்கிக்கொண்டேன். இனி என் கையில் ஒன்றும் இல்லை.

அப்பா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "டாக்டரம்மா, ஊசி போட்டுக்கிட்டா இன்னா சாப்புடக் கூடாது?"

"ஊசி போட்டுக்க ஒத்துக்கறீங்களா?"

"மொதல்ல இத சொல்லுங்க."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "ஜில்லுனு எதுவும் ஆகாது. ஊசி ஏத்தினதுலேருந்து அஞ்சாறு நாளைக்கு பானைத் தண்ணி கூடக் கூடாது. வெதுவெதுன்னுதான் குடிக்கணும். குளிக்கிற தண்ணியும் அப்படித்தான். காலையில ஜில்லுனு இருக்கற இரும்பை வெறும் கையால தொடக் கூடாது. சுர்ருனு இழுக்கும்."

அப்பா நிமிர்ந்தார். "தொடறதுக்குமா பத்தியம்?"

"ஆமா. பழைய சோறு ஆகாது. நேத்து வச்ச குழம்பு ஆகாது. வேகாதது எதுவும் ஆகாது. ரோட்டோரத்துல ஜூஸ், சட்னி எதுவும் ஆகாது. கரும்புச் சாறு தொடவே கூடாது. புகையிலையை இன்னியோட விடணும். கஷாயம், லேகியம்னு எது சாப்பிட்டாலும் எனக்குத் தெரியாம ஆகாது. காய்ச்சல் வந்தா வீட்டுல படுத்திருக்கக் கூடாது, உடனே வரணும்."

"மலையில கூட இவ்வளவு இல்ல" என்றார் அப்பா என்னிடம், குரலைத் தாழ்த்தி. பிறகு அந்தம்மாவிடம், குறையாகக் கேட்டார். "இத அன்னிக்கே ஏம்மா சொல்லல?"

"சொல்றதுக்குள்ள நீங்கதான் எழுந்து போயிட்டீங்களே ஐயா."

அப்பா தலையை ஆட்டினார். சரி, முடிந்தது, உட்கார்ந்துவிடுவார் என்று நான் மூச்சை விட்டேன். அப்போதுதான் அவர் அந்தக் கருவாட்டுக் கேள்வியைக் கேட்டார்.

டாக்டரம்மா அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அம்மா என் கையைப் பிடித்திருந்த பிடியைப் பார்த்தார். என்ன புரிந்ததோ தெரியாது. சிரிப்பு மட்டும் வரவில்லை.

"அத மறந்துட்டேன். உப்பு ஜாஸ்தி. வாரத்துக்கு ஒரு நாள், ரெண்டே துண்டு. வெந்நீர்ல நல்லா அலசி, முழுசா வேக வச்சு, முள்ளு ஒண்ணு கூட இல்லாம."

"மூணு?"

"ரெண்டு."

அப்பா மடியிலிருந்த மஞ்சள் பையைத் திறந்தார். அடியிலிருந்து நியூஸ் பேப்பரில் சுற்றிய ஒரு பொட்டலத்தை எடுத்து மேசை மேல் வைத்துப் பிரித்தார். வாளைக் கருவாடு. பஸ்ஸில் வந்த வாடை அந்த அறை முழுக்கப் பரவியது. நர்ஸ் எட்டிப் பார்த்தார்.

"யோவ், இதயா எடுத்தாந்த?" என்றாள் அம்மா. இரண்டு வாரத்துக்கு அப்புறம் அவள் வாயில் வந்த முதல் யோவ்.

அவர் இரண்டு துண்டைத் தனியாக எடுத்து ஒரு தாளில் மடித்து என் கையில் கொடுத்தார். மீதியைச் சுற்றி அம்மாவிடம் நீட்டினார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டி விட்டபடி எழுந்து, பக்கத்து அறையில் மருந்து பாட்டில் தொங்குகிற நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.